வகுப்புக்கு அழைக்கப்படாத தாத்தா பாட்டிகளுக்கு

மகனுடைய அல்லது மகளுடைய மணவாழ்க்கை முறிந்துகொண்டிருக்கும் சிங்கப்பூர்த் தமிழ்த் தாத்தா பாட்டிகளுக்கு,



உங்கள் மகனோ மகளோ இந்நேரம் ஒரு பயிற்சியை முடித்திருப்பார். இல்லையென்றால் அதற்கு நாள் குறித்திருப்பார். 21 வயது நிறையாத பிள்ளைகள் உள்ள தம்பதியர், 2024 ஜூலை 1 முதல், அந்தப் பயிற்சியை முடிக்காமல் மாதர் சாசனத்தின்கீழ் மணவிலக்குக்கு விண்ணப்பிக்க முடியாது. ‘கோ-பேரன்டிங் புரோகிராம்’ என்று அதற்குப் பெயர். கணவன் மனைவி என்ற உறவு முடிந்தபிறகும் தாயும் தகப்பனுமாகச் சேர்ந்து பிள்ளையை வளர்ப்பது எப்படி என்பதுதான் பாடம். முதலில் இணையத்தில் படித்து முடிக்க வேண்டிய பகுதி, அதற்குப்பின் ஆலோசகருடன் உட்கார்ந்து பேசும் பகுதி. பிள்ளை யாரோடு தங்கும், மற்றவரை எப்போது பார்க்கும், வீடு என்ன ஆகும், செலவை யார் ஏற்பது என்றெல்லாம் அங்கே யோசிக்க வைப்பார்கள்.

அந்த வகுப்புக்கு உங்களை யாரும் கூப்பிடவில்லை. சட்டம் தாயையும் தகப்பனையும் மட்டுமே அழைக்கிறது. நம் வீடுகளில் நடப்பதோ வேறு. பள்ளி விட்டதும் வாசலில் காத்திருந்து பையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்வது நீங்கள். சோறு போடுவது, காய்ச்சல் வந்தால் பலதுறை மருந்தகத்தில் எண் வாங்கிக்கொண்டு உட்காருவது, பெற்றவர்கள் வேலை முடிந்து வரும்வரை வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்தில் துணைக்கு இருப்பது எல்லாம் நீங்கள். வீடு விற்கப்பட்டால் மகளோ மகனோ பிள்ளையையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து சேர்வதும் பெரும்பாலும் உங்கள் மூவறை வீட்டுக்குத்தான். தாய் தகப்பன் வகுப்பில் எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தாலும், சாயங்காலம் முழுக்கப் பிள்ளையோடு இருக்கும் உங்களுக்கு அது தெரியாவிட்டால் அந்தப் படிப்பு வீட்டுக்குள் வந்து சேரவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் இந்த மடல்.

குடும்பநலத் துறையில் வேலை பார்ப்பவள் நான். உங்கள் மகள் வயதுதான் எனக்கு. பெரியவர்களுக்குப் புத்தி சொல்ல வருவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெற்றோருக்கு அங்கே என்ன சொல்லப்படுகிறதோ அதை உங்களுக்கும் சொல்லிவிட வேண்டும் என்ற தவிப்பு மட்டும்தான்.

முதலில் உங்கள் துக்கத்தைப் பற்றி. அதை யாரும் கேட்பதில்லை. பெண் பார்த்து, பையன் பார்த்து, சேமிப்பில் ஒரு பங்கைச் செலவழித்துத் திருமணம் செய்து வைத்தவர்கள் நீங்கள். புதுவீட்டுக்குப் பெயின்ட் முதல் அடுக்களை அலமாரிவரை பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்தவர்கள். மருமகனை மகனாகவோ மருமகளை மகளாகவோ நினைத்துப் பழகிவிட்டீர்கள். அந்த உறவும் உங்களிடமிருந்து போகிறது. கோவிலில் யாராவது “என்ன, மாப்பிள்ளையைக் காணோம்?” என்று கேட்கும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ராத்திரி தூக்கம் வருவதில்லை. இவ்வளவும் உண்மை. இந்த வேதனையை இறக்கி வைக்க உங்களுக்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடம் ஏழு வயதுப் பேரனாக இருந்துவிடக் கூடாது என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

இந்தப் பயிற்சி புதிதாக முளைத்ததல்ல. 2016 டிசம்பரில் வேறு பெயரில் இங்கே தொடங்கியபோது, 14 வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்து, தங்களுக்குள் உடன்பாட்டுக்கு வரமுடியாத தம்பதியருக்கு மட்டும் கட்டாயமாக இருந்தது. பின்னர் பிள்ளையின் வயது வரம்பு 21 ஆயிற்று. இப்போது எல்லாவற்றிலும் ஒத்துப்போகிற தம்பதியரும் போக வேண்டும். இது சரியான மாற்றம் என்பது என் கருத்து. வீவக வீட்டிலும் மத்திய சேமநிதிப் பணத்திலும் உடன்பாடு வந்துவிட்டது என்பதற்காகப் பிள்ளை விஷயத்திலும் வந்துவிட்டதாக அர்த்தமில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 1990களிலேயே இப்படி ஒரு வகுப்பைக் கட்டாயமாக்கியது. புளோரிடாவில் குறைந்தது 4 மணி நேரம் உட்கார வேண்டும். டென்மார்க் 2019இல் இணையவழிப் பாடம் ஒன்றைக் கொண்டுவந்தது. இங்கே நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் வழக்குகள் ஷரியா நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே ஆலோசனைக்கு என்று தனித் திட்டம் இருக்கிறது. இனி நான் சொல்லப்போவது அந்த வீட்டுத் தாத்தா பாட்டிகளுக்கும் சேர்த்துத்தான்.

இத்தனை நாடுகள் இதில் மெனக்கெடக் காரணம் ஆய்வுகள். பால் அமாட்டோ, புரூஸ் கீத் என்ற இருவர் 1991இல் அதுவரை வந்த பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மணவிலக்கான வீட்டுப் பிள்ளைகள் சிரமப்படுவது எதனால்? பெற்றோரில் ஒருவர் உடன் இல்லாததாலா, வருமானம் குறைந்துபோவதாலா, பெரியவர்களுக்கு இடையிலான சண்டையாலா? மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. சண்டைதான் காரணம் என்பதற்கே சான்று வலுவாக இருந்தது. இதில் நமக்கு ஆறுதலான செய்தியும் உண்டு. பிரிவைத் தடுப்பது உங்கள் கையில் இல்லை. சண்டையைக் குறைப்பதில் உங்கள் கைக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ஓஹாயோவில் டொனால்டு கோர்டன், ஜாக் அர்பத்நாட் என்ற இருவர் பெற்றோருக்காக ஒரு பாடத்திட்டம் உருவாக்கினார்கள். இப்போது ‘சில்ட்ரன் இன் பிட்வீன்’ என்று வழங்குகிறது. சிங்கப்பூரிலும் மணவிலக்குக் குடும்பங்களுக்கு அதை நடத்தியிருக்கிறார்கள். பெரியவர்கள் பிள்ளையை நடுவில் இழுத்துவிடும் வழிகளை அது காட்டுகிறது: பிள்ளையிடம் சேதி சொல்லி அனுப்புவது, மற்றவரைத் தாழ்த்திப் பேசுவது, பணப் பிரச்சினையைப் பிள்ளை காதில் போடுவது, அங்கே என்ன நடந்தது என்று துருவித் துருவிக் கேட்பது. எழுதப்பட்டது தாய் தகப்பனுக்கு. படிக்கும்போது என் நினைவில் நம் வீட்டுக் கூடத்துச் சாய்வு நாற்காலிகள்தான் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை இரவு. பிள்ளை தகப்பன் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்புகிறது. செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வருகிறது. “என்ன சாப்பிட்ட? ஹோட்டல்ல வாங்கினாரா, சமைச்சாங்களா? யார் சமைச்சது? வீட்டுல வேற யாராவது இருந்தாங்களா? ராத்திரி எங்க படுத்த?” நீங்கள் அக்கறையில் கேட்கிறீர்கள். பிள்ளைக்கு அது விசாரணை. உண்மையைச் சொன்னால் அப்பாவைக் காட்டிக்கொடுத்தது ஆகிவிடும். சொல்லாவிட்டால் பாட்டியிடம் பொய் சொன்னது ஆகிவிடும். கொஞ்ச நாளில் பிள்ளை “தெரியல”, “ஞாபகம் இல்ல” என்ற இரண்டே பதிலில் ஒதுங்கிக்கொள்ளும். அப்போது நீங்கள் “அங்க போயிட்டு வந்தாலே இவன் மூஞ்சி சரியில்ல, அங்க என்னமோ பண்றாங்க” என்று முடிவு கட்டுவீர்கள். இந்தச் சுழல் எத்தனை வீடுகளில் நடக்கிறது தெரியுமா? பிள்ளை வந்ததும் குளிக்கச் சொல்லுங்கள், தோசை வார்த்துக் கொடுங்கள். பேச வேண்டியதை அது தானாகப் பேசும். “அப்பா இன்னைக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுத்தார்” என்று சொன்னால், “அப்படியா, விழாம ஓட்டினியா?” என்று கேளுங்கள். அப்பாவோடு சந்தோஷமாக இருந்ததைத் தாத்தா வீட்டில் தைரியமாகச் சொல்ல முடிகிற பிள்ளை பாதி பாரத்தை இறக்கிவிட்டது.

இன்னொன்றைச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நமக்கே உரிய சிக்கல். நம் பேரப்பிள்ளைகள் பலர் வீட்டில் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறார்கள். அதனால் அவர்களுக்குத் தமிழ் புரியாது என்று நினைத்துக்கொள்கிறோம். பிள்ளை ஐபேடில் விளையாடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் தங்கச்சியிடமோ சின்னம்மாவிடமோ தொலைபேசியில் பேசுகிறீர்கள். “அவ ஒரு பிசாசு, என் பையன் வாழ்க்கையையே அழிச்சிட்டா” என்கிறீர்கள். பிள்ளை தலை நிமிர்வதில்லை. ஆனால் எல்லாம் விழுகிறது. பதில் பேச வராத மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறமை பிள்ளைகளுக்கு நிறையவே உண்டு. அதிலும் தாயைப் பற்றிய பேச்சு என்றால் குரலின் ஏற்ற இறக்கத்திலேயே பாதி தெரிந்துவிடும். தமிழ் வகுப்பில் கற்றுக்கொள்ளாத சொற்களை இப்படித்தான் சில பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். அம்மாவைத் திட்டுகிற மொழியாகத் தமிழ் ஒரு பிள்ளைக்கு அறிமுகமானால், அது பிறகு ஏன் விரும்பித் தமிழ் பேசப்போகிறது? தாத்தா பாட்டியிடமிருந்து பேரப்பிள்ளைக்குப் போய்ச்சேர வேண்டிய பெரிய சொத்து அந்த மொழி. அதை இந்தச் சண்டைக்குச் செலவழித்துவிடாதீர்கள். ஆற்றாமை தாங்கவில்லை என்றால் கீழே இறங்கிப் போய் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பேசுங்கள், அல்லது பிள்ளை பள்ளியில் இருக்கும் நேரத்தில் பேசுங்கள்.

“நீ அப்படியே உங்கப்பன் மாதிரி” என்று செல்லக் கோபத்தில் சொல்வோம். முன்பு அது விளையாட்டு. இப்போது அந்த அப்பன் இந்த வீட்டில் குற்றவாளி. அவர் மூக்கும் நடையும் சிரிப்பும் பிள்ளையிடம் இருக்கின்றன, அதை அதுவும் கண்ணாடியில் பார்க்கிறது. திருமணப் படத்தைக் கூடத்திலிருந்து எடுப்பது உங்கள் விருப்பம். பிள்ளையின் அறையில், தகப்பனோ தாயோ அதைத் தூக்கிவைத்திருக்கும் படம் ஒன்று இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

மூத்த பேரனிடம் “இனிமே நீதாண்டா அம்மாவைப் பாத்துக்கணும்” என்று சொல்வதும் வேண்டாம். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். பத்து வயதுப் பையன் அதை அப்படியே நம்பிவிடுவான். அம்மா அழுதால் தூங்காமல் உட்கார்ந்திருப்பான், தகப்பனோடு வெளியே போகக் கூப்பிட்டால் அம்மா தனியாக இருப்பாளே என்று மறுப்பான். அவனுக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வும் காற்பந்தும் நண்பர்களும் போதும்.

பணத்துக்கு வருவோம். பராமரிப்புத் தொகை வரவில்லை என்றதும் சில வீடுகளில் பெரியவர்கள்தான் முதலில் சொல்வார்கள்: “பணம் கட்டட்டும், அப்புறம் பிள்ளையைக் காட்டலாம்.” நியாயம் போலத் தோன்றும். நீதிமன்றம் அவை இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. பணம் கட்டாவிட்டால் அதை வசூலிக்கத் தனி வழி இருக்கிறது. அதற்காகச் சந்திப்பை நிறுத்தினால் உங்கள் மகள்தான் ஆணையை மீறியவளாக நிற்பாள். மறுபக்கமும் அப்படித்தான். “பிள்ளையைக் காட்டலியா, பணத்தை நிறுத்து” என்று மகனுக்குச் சொல்லும் தாத்தா, பேரன் சாப்பாட்டில் கை வைக்கிறார். டியூஷன் கட்டணம், பல் கம்பி, பள்ளிச் சுற்றுலா எதுவானாலும் பெற்றவர்கள் இருவரும் குறுஞ்செய்தியில் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். “உங்கப்பாகிட்ட போய்க் கேளு” என்ற வார்த்தையைப் பிள்ளை நாக்கில் வைத்து அனுப்பாதீர்கள்.

“கடைசியில பிள்ளை யாருக்குக் கிடைச்சுது?” என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிப் பழகாதீர்கள். இங்கே இது மூன்று தனி விஷயம். பள்ளி, சமயம், பெரிய சிகிச்சை போன்றவற்றில் முடிவெடுக்கும் பொறுப்பு ஒன்று. அன்றாடம் யாரோடு தங்குகிறது என்பது ஒன்று. தங்காத பெற்றோருக்கான சந்திப்பு நேரம் மற்றொன்று. முடிவெடுக்கும் பொறுப்பு இருவருக்கும் சேர்ந்து இருப்பதுதான் பொதுவழி என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இலேயே வலியுறுத்திவிட்டது. ஆகவே பிள்ளை உங்கள் வீட்டில் தங்குகிறது என்றால் வென்றுவிட்டோம் என்றோ, அங்கே தங்குகிறது என்றால் தோற்றுவிட்டோம் என்றோ கணக்குப் போட ஒன்றுமில்லை. பிள்ளையைப் பார்க்கும் நேரம் உங்களுக்குப் பெரும்பாலும் உங்கள் மகனின் அல்லது மகளின் நேரத்திலிருந்துதான் கிடைக்கும். அந்த நேரம் சண்டையில்லாமல் நடந்தால் உங்களுக்கும் அது நிலைக்கும்.

இதையும் கேளுங்கள். முன்பெல்லாம் மணவிலக்கு வேண்டுமென்றால் கள்ள உறவு, தகாத நடத்தை, கைவிட்டுப் போனது, 3 ஆண்டோ 4 ஆண்டோ பிரிந்து வாழ்ந்தது என்று ஏதாவதொன்றைச் சொல்லி நிறுவ வேண்டியிருந்தது. அதே 2024 ஜூலையிலிருந்து இருவரும் உடன்பட்டுப் பிரியலாம். யார்மேல் தவறு என்று எழுத வேண்டிய அவசியமில்லை. இது உங்களில் சிலருக்குக் கோபமாக இருக்கும் என்று தெரியும். “அவன் செஞ்சதை ஊர் அறிய வேணாமா? நம்ம பொண்ணு மேல தப்பில்லைன்னு எழுதி வாங்க வேணாமா?” என்று ஒரு தகப்பனார் கேட்டார். அவருடைய மகள் சும்மா இருந்தாள். அவளுக்கு அப்படி ஒரு காகிதம் தேவைப்படவில்லை. அடுத்த மாதம் பிள்ளையின் பிறந்தநாளில் இருவரும் ஒரே மேசையில் உட்கார முடியுமா என்பதுதான் அவள் கவலை. மகள் உடன்பட்டுப் பிரிய முடிவு செய்திருந்தால், குற்றத்தை எழுதச் சொல்லி நெருக்காதீர்கள். அந்தத் தாளைப் பிள்ளை வளர்ந்து ஒருநாள் படிக்கும்.

அடி, மிரட்டல், பயம் இருக்கும் வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதுவரை சொன்னதெல்லாம் அங்கே அப்படியே பொருந்தாது. மகள் உடம்பில் காயத்தோடு வந்தால் “பிள்ளைக்காகப் பொறுத்துப் போ” என்று சொல்லாதீர்கள். மகனும் அடி வாங்கலாம். அவனும் வெட்கப்பட்டு மறைப்பான். நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம்; 1800-777-0000 என்ற தேசிய வன்முறைத் தடுப்பு எண்ணில் எந்நேரமும் ஆள் இருப்பார்கள். பிள்ளை மற்றவரைப் பார்ப்பது ஆபத்து என்றால் மேற்பார்வையோடு சந்திக்க ஏற்பாடு இருக்கிறது. அதை ஆலோசகரும் நீதிமன்றமும் முடிவு செய்யட்டும். பயம் உண்மையா, கோபம் பயம் என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறதா என்பதை உங்கள் மனசாட்சியிடம் நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் குழப்பினால் உண்மையாகவே அடிபடுகிறவர்களின் சொல்லும் மதிப்பிழந்து போகும்.

ஊருக்குப் போகும் விஷயத்தில் நம்மவர்களுக்கு நிறைய இடறல் வருகிறது. பேத்திக்கு முடி இறக்க வேண்டும், குலதெய்வம் கோவில் புதுக்கோட்டைப் பக்கம், டிசம்பர் விடுமுறையில் கூட்டிப்போய்விட்டு வரலாம் என்று நீங்கள் சாதாரணமாக நினைக்கிறீர்கள். பிரிந்துகொண்டிருக்கும் மற்ற பெற்றோருக்கு அது அடிவயிற்றைக் கலக்கும் செய்தி. காரணம் இருக்கிறது. ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் முறைகேடாகக் கொண்டுபோன பிள்ளையைத் திரும்ப அனுப்ப ஹேக் உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரில் அது 2011 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. இந்தியா அதில் சேரவில்லை. பிள்ளை அங்கே போய்த் திரும்பாவிட்டால் அந்த வழியில் கேட்டுப் பெற முடியாது. பொறுப்பு ஆணை வந்தபிறகு வெளிநாட்டுப் பயணத்துக்குச் சட்டப்படி வரம்புகளும் உண்டு. எனவே சொல்லாமல் டிக்கெட் போடாதீர்கள். சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். திரும்பி வரும் விமானச் சீட்டின் நகலையும் தங்கும் வீட்டின் முகவரியையும் கொடுங்கள். தினமும் எத்தனை மணிக்கு வீடியோவில் பேசும் என்று முன்பே சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் இருங்கள். சாமிக்குச் செய்யும் காரியத்தைப் பெற்றவர் ஒருவரின் வயிற்றெரிச்சலோடு செய்யலாமா?

வகுப்பில் பெற்றோரைப் பிள்ளை வளர்ப்புத் திட்டம் ஒன்றை யோசித்து எழுதச் சொல்வார்கள். பள்ளி நாளில் யார், வார இறுதியில் யார், மார்ச், ஜூன், செப்டம்பர், ஆண்டிறுதி விடுமுறைகளை எப்படிப் பிரிப்பது என்று அதில் வரும். நம் வீட்டு நாள்கள் பலவற்றை யாரும் நினைவுபடுத்தாவிட்டால் அதில் வராது. அங்கேதான் உங்கள் அனுபவம் வேண்டும். தீபாவளி சிங்கப்பூரில் ஒரே நாள் விடுமுறை. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது எந்த வீட்டில், மாலையில் எந்த வீடு? பொங்கலுக்கு விடுமுறையே இல்லை. பள்ளி முடிந்து எந்த வீட்டுப் பொங்கல்? காதுகுத்துக்குத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். தகப்பன் வீட்டார் விழா எடுத்தால் மாமனுக்கு அழைப்புப் போகுமா? பேத்தி பெரியவளானால் யார் வீட்டில் தண்ணீர் ஊற்றுவது, மாமன் சீர் எப்படி வரும், அத்தை வந்து நிற்கலாமா? இவையெல்லாம் நடக்கும் அன்று காலையில் தீர்க்க முடியாதவை. முகம் சிவக்கும், பிள்ளை பட்டுப்பாவாடையோடு அழுதுகொண்டு நிற்கும். முன்கூட்டியே மகனிடமோ மகளிடமோ சொல்லி எழுதிவைக்கச் சொல்லுங்கள். மண்டபத்தில் இரு தரப்பும் இருக்க முடியாது என்றால் காலை ஒரு தரப்பு, மாலை ஒரு தரப்பு என்று பிரித்துச் செய்த வீடுகள் இருக்கின்றன. நன்றாகவே நடந்தது.

எந்தத் திட்டத்திலும் தேதி போட முடியாத ஒன்றும் உண்டு. அந்தப் பக்கத்துத் தாத்தாவோ பாட்டியோ காலமானால் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும். அன்றைக்கு வாரநாளா, யாருடைய முறை, யார் யாரோடு பேசுவதில்லை என்று பார்க்காதீர்கள். செய்தி வந்ததும் நீங்களே பிள்ளைக்கு வெள்ளை உடுத்தி அழைத்துக்கொண்டு போங்கள். உள்ளே போக மனமில்லையென்றால் கீழே நின்றுகொண்டு பிள்ளையை அனுப்புங்கள். தாத்தா முகத்தைக் கடைசியாகப் பார்க்க விடவில்லை என்று வளர்ந்தபிறகு ஒரு பிள்ளை கேட்டால் அதற்கு யாரிடமும் பதில் இருக்காது.

சம்பந்தி வீட்டோடு பேச்சு நின்றிருக்கும். உங்கள் பிள்ளைகள் இருவரும் பேசிக்கொள்ள முடியாத இந்தக் காலத்தில், பெரியவர்கள் நால்வரில் ஒருவர் மற்றொருவரோடு பேசினால் எவ்வளவோ நடக்கும். பழைய கணக்கை எடுக்க வேண்டாம், நியாயம் கேட்க வேண்டாம். “பையனுக்கு இருமல் இருக்கு, மருந்து பையில வச்சிருக்கேன், சாப்பாட்டுக்கு அப்புறம் குடுங்க” என்று ஒரு பாட்டி மற்றொரு பாட்டிக்கு அனுப்பும் வாட்ஸ்அப் குரல் செய்தி போதும். அந்தக் குரலைப் பிள்ளையும் கேட்கும். இரண்டு வீட்டிலும் தூங்கும் நேரம், ஐபேட் நேரம், அசைவம் சாப்பிடாத கிழமை எல்லாம் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் பிள்ளைக்கு வீடு மாறும் வெள்ளிக்கிழமைகள் பயமாக இருக்காது. முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும் என்று கெடுபிடி வேண்டாம். அங்கே ஒன்பது மணிக்குத் தூங்கினால் என்ன, இங்கே எட்டரைக்குத் தூங்கினால் என்ன?

சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சுக்கும் கோவில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகங்களுக்கும் சிண்டாவுக்கும் தனியாக எழுத வேண்டியவை என்னிடம் இருக்கின்றன. தாத்தா பாட்டிகளுக்கென்று, தமிழில், வயதானவர்கள் நடந்து போகும் தூரத்தில், இந்தப் பாடம் நடத்தப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இணையத்தில் படிக்கும் பகுதி உங்களில் பலருக்கு ஒத்துவராது. நேரில் உட்கார்ந்து, காப்பி குடித்து, நாலு பேர் தங்கள் கதையைச் சொல்லக் கேட்டால்தான் மனம் இளகும். அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வட்டாரத்துக் குடும்பச் சேவை நிலையத்துக்குப் போய், மகள் மணவிலக்கு வாங்குகிறாள், பேரன் எங்களோடு இருக்கிறான், எங்களுக்கும் பேச ஆள் வேண்டும் என்று கேளுங்கள். தமிழ் பேசும் ஊழியர் வேண்டும் என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்கிறவர்கள் அதிகமானால் வகுப்பும் வரும்.

இந்த வாரம் செய்ய ஒரு காரியம் சொல்கிறேன். மகனோ மகளோ வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, பிள்ளை தூங்கியபிறகு, “அந்த வகுப்புல என்னப்பா சொன்னாங்க? எனக்கும் சொல்லு” என்று கேளுங்கள். இத்தனை மாதமாக “அவன் என்ன சொன்னான், வக்கீல் என்ன சொன்னார்” என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த உங்களிடமிருந்து இந்தக் கேள்வி வந்தால் அவர்கள் முதலில் திகைப்பார்கள். பிறகு சொல்வார்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். அவர்கள் எழுதிவைத்திருக்கும் திட்டத்தை வாங்கிப் பாருங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாக. அதில் உங்கள் பெயர் எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள்: பள்ளியிலிருந்து அழைத்து வருபவர், புதன்கிழமை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போகிறவர், பெற்றோர் இருவரும் வரமுடியாத நேரத்தில் பிள்ளையை ஒப்படைக்கிறவர், வாங்கிக்கொள்கிறவர். அந்த ஒப்படைக்கும் நேரத்தில் மின்தூக்கி வாசலில் நின்று என்ன பேசுவது, என்ன பேசாமல் இருப்பது என்பதை மூவரும் சேர்ந்து அன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள். “வாங்க” என்று ஒரு வார்த்தை, பிள்ளையின் பை, தண்ணீர்ப் புட்டி, மருந்து இருந்தால் மருந்து. அதற்குமேல் அங்கே வேண்டாம்.

அன்போடும் மரியாதையோடும்,
உங்களில் பலருடைய பேரப்பிள்ளைகளை அறிந்த ஒரு குடும்பநல ஊழியர்